கழுகுக்கெவிக்குப் போன அமாவாசை

காமயகவுண்டன்பட்டி
20-8-1978

அன்பு மகள் பொன்னாத்தாளுக்கு,

உன் அப்பா ராக்கையா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று முதல் வரியில் எழுதி, பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். இது இரண்டாவது தாள். நீயும் உன் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருக்க வேண்டும்.

நாலு வருஷம் கழித்துக் கடிதம் வருகிறதே, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதே. யாரும் சாகவில்லை. உன் ஜோலார்பேட்டை விலாசத்தைப் போடி கடைவீதிக்குப் போய் உன் மாமனாரிடம்தான் வாங்கினேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றார். நான் உட்காரவில்லை. உனக்கு ஆண் குழந்தை பிறந்து ஒன்றரை வயதாகிறது என்று அவர் சொல்லித்தான் தெரியும். பெயரும் சொன்னார். அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை என்பது தெருவுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. திரும்பிப் போய்க் கேட்கக் கால் வரவில்லை.

இந்த வருஷம் திராட்சையில் சாம்பல் நோய் விழுந்துவிட்டது. மேற்கே நல்ல மழை, ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது. தோட்டத்தைப் பற்றி எழுதினால் எழுதிக்கொண்டே போவேன். எழுத வந்தது வேறு.

உன் தங்கை சொர்ணலதாவுக்கு இருபது முடிந்துவிட்டது. நீ ஏசுதாசனோடு போன பிறகு அவளைப் பார்க்க வந்த இரண்டு இடத்தாரும் உன் பேச்சை எடுத்துத்தான் திரும்பிப் போனார்கள். மூன்றாவதாகக் கூடலூரில் இருந்து ஒரு இடம் வந்தது. பையன் சுருளிவேல், மின்சார வாரியத்தில் வேலை. தகப்பன் இல்லை. தாய் சண்முகத்தாய். மூத்த மகள் ஒருத்தி உண்டாமே என்று தரகர் கேட்டபோது, மதுரை ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் தவறிவிட்டாள் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதில்லை. கேட்டார், சொன்னேன். சொன்ன பிறகு அதைப் பிடித்துக்கொண்டேன். உன் அம்மாவையும் சொர்ணத்தையும் வாய் திறக்கக் கூடாது என்று மிரட்டினேன்.

வீட்டுக்குள் உட்கார வைத்துப் பெண் பார்ப்பதில் சண்முகத்தாய்க்கு இஷ்டமில்லை. ஆடி அமாவாசைக்குச் சுருளி அருவிக்கு வருவோம், நீங்களும் வாருங்கள், பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பினாள். அருவிக்குப் போகுமுன் கழுகுக்கெவியையும் பார்ப்பதாக ஏற்பாடு. சுருளிப்பட்டிக்கு மேலே ஆடு மேய்க்கிறவர்கள் மட்டும் போய்க்கொண்டிருந்த அந்தப் பள்ளத்தை நீ இப்போது பார்த்தால் நம்பமாட்டாய். வெளியூர்க்காரர் ஒருவர் பாறைமேட்டில் ராட்டினமும் மரணக்கிணறும் போட்டிருக்கிறார். எப்போதோ சுரங்க வேலைக்குச் சாமான் கொண்டுபோன இரும்புக் கம்பி கெவிக்குக் குறுக்கே கிடந்ததல்லவா, அதில் கம்பிவலை அடித்த பெட்டியைத் தொங்கவிட்டு, டீசல் எஞ்சின் வைத்து இழுக்கிறார்கள். நாலு பேர் உட்காரலாம். கீழே எட்டிப் பார்த்தால் ஓடை வேட்டிக் கரை மாதிரித் தெரியும்.

காலையில் எல்லாம் நன்றாகவே இருந்தது. ராட்டினம் இறங்கும்போது சொர்ணம் கத்திய கத்தலில் சுருளிவேல் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். உன் அம்மா முறுக்கு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தாள். நாலு வருஷத்தில் அவள் முகத்தை அப்படி நான் பார்க்கவில்லை.

சுருளிவேல் முதல் நடையில் அக்கரைக்குப் போய்விட்டான். அடுத்த நடையில் நான், உன் அம்மா, சொர்ணம், சண்முகத்தாய். பாதி தூரம் போனதும் எஞ்சின் நின்றுவிட்டது. பெட்டி முன்னும் பின்னும் ஆடியது. கெவிக்குள் இருந்து வந்த காற்றில் கம்பி முனகியது. முக்கால் மணி நேரம் அப்படியே தொங்கினோம்.

சண்முகத்தாய் பயந்துபோய் உன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். பயத்தில் பேச ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. பொன்னாத்தா, அவளுக்கும் ஒரு மகள் இருந்தாளாம். பதினாலு வயதில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாளாம். வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்குச் சுருளிக்கு வருவது அந்தப் பிள்ளைக்காகத்தானாம். "பிள்ளையப் பறிகுடுத்த வகுறு என்ன பாடுபடும்னு ஊருல யாருக்குத் தெரியுது மதினி? உங்களுக்குத் தெரியும். அதான் இந்தச் சம்பந்தம்னதும் எம்மனசு ஒட்டிக்கிருச்சு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, நம்ம உசுரோட எறங்கிட்டா ரெண்டு பிள்ளைகளுக்கும் ஒண்ணாவே எள்ளும் தண்ணியும் எறைச்சுருவோம். ரெண்டும் சேர்ந்து குடிக்கட்டும்" என்றாள்.

உன் அம்மா என்னைப் பார்த்தாள். சொர்ணம் என்னைப் பார்க்காமல் கீழே பார்த்தாள். அந்தப் பெட்டிக்குள் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்துகொண்டு, ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் நான் முடித்திருக்கலாம். "ஆகட்டும்மா" என்றேன்.

எஞ்சின் ஓடி, இறங்கி, சுருளிக்குப் போனோம். அருவியில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்தில் சுருளிவேல், அவன் தங்கைக்காக. ஐயர் பெயர் கேட்டார். அவன் சொன்னான். பிறகு என்னைக் கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று நான் தடுத்து வைத்திருந்த பெயரை அங்கே உட்கார்ந்து நானே மூன்று தரம் சொன்னேன். எள்ளை உள்ளங்கையில் வைத்தபோது உன் அம்மா பின்னால் இருந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் உதறிவிட்டுத் தண்ணீரை விட்டேன். அவள் ஈரப் பாறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மகளை நினைத்து அழுகிறாள் என்று சண்முகத்தாய் அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள்.

இதை உனக்கு எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதிவிட்டேன்.

வரும் வழியில், ஜீப்புக்குக் காத்திருந்த இடத்தில், சொர்ணம் நேராகச் சண்முகத்தாயிடம் போய், "அத்தை, எங்கக்கா சாகல. வேதக்காரவுகளக் கட்டிக்கிட்டுப் போயிருச்சு. நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. என் பக்கம் திரும்பி, "அவ யாரக் கட்டுனா எனக்கென்னண்ணே? சொல்லியிருந்தா பொறுத்துருப்பேன். எம்பிள்ளைக்கு விட்ட தண்ணியில உங்க பொய்யக் கலந்துட்டீகளே" என்றாள். மகனைக் கூட்டிக்கொண்டு, அப்போது வந்த ஜீப்பில் ஏறிப் போய்விட்டாள். சுருளிவேல் மட்டும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது.

சொர்ணத்துக்கு என் மேல் கோபம் இருக்கிறதா என்று தெரியவில்லை. சோறு போடுகிறாள், தண்ணீர் வைக்கிறாள். மற்ற நேரம் தோட்டத்தில் கொடி கட்டுகிறாள்.

உன் அம்மாதான். முதல் இரண்டு நாள் என்னைத் திட்டினாள். திட்டியவரை எனக்குப் பயமில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அவளுக்கு என்னமோ ஆயிப்போச்சு. உங்களுக்குச் சேதி வந்துருக்கு. தெரிஞ்சுதான் தண்ணி எறைச்சீக. எங்கிட்ட மறைக்கிறீக" என்றாள். உயிரோடிருக்கிற பிள்ளைக்கு எந்தத் தகப்பனாவது எள்ளுத் தண்ணீர் விடுவானா என்று கேட்கிறாள். சாமி மேல் சத்தியம் பண்ணினேன். "காய்ச்சல்னு தரகர்கிட்டயும் இதே வாயாலதான சொன்னீக" என்றாள். போடிக்குப் போய் விசாரித்து, பேரன் பிறந்திருக்கிறான் என்று வந்து சொன்னேன். பெயர் என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அதோடு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு வாரமாகக் கஞ்சி மட்டும்தான் உள்ளே போகிறது. டவுன் பஸ் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போகிறாள். பஸ் போன பிறகும் நிற்கிறாள்.

நீ பதில் எழுதினால் பிரயோஜனம் இல்லை, தாயே. அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசித்தால் நம்பமாட்டாள். சொர்ணம் வாசித்தால் நான் சொல்லிக்கொடுத்தது என்பாள். போட்டோ அனுப்பினாலும் பழசு என்பாள்.

அதனால் எழுதாதே, வா. ஒரு நாள் வந்தால் போதும். மாப்பிள்ளையையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. அவர் வரமாட்டேன் என்றால், அதைக் கேட்க எனக்கு வாய் கிடையாது. என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை என்றால் நான் தோட்டத்திலேயே இருந்துகொள்கிறேன். நீ திரும்பிப் போன பிறகு வீட்டுக்கு வருகிறேன். உன் அம்மா உன் கையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கு இன்னும் உரிமை உண்டா என்று தெரியவில்லை. ஆனாலும் தினம் காலையில் ஆற்றில் இறங்கும்போது இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன் அப்பா,
ராக்கையா