விசிலைச் சேர்த்துக்கொண்டோம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவுக்கு முட்டிவலி மட்டும் போவதும் வருவதுமாக இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பி எழுதுகிறேன்.

முதலாளி சலவைக்கூடத்தை விட்டுவிட்டுப் போன பிறகு நாங்கள் பதினொரு பேரும் சேர்ந்து நடத்துகிறோமே, மேலே ஒருத்தர் இல்லாமல் எத்தனை நாள் ஓடும் என்று போனில் கேட்டாய். ஏழு மாதமாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆஸ்பத்திரி விரிப்புகள் நேரத்துக்குப் போகின்றன, பாய்லரை வாரம் ஒருத்தர் பார்க்கிறோம். எந்த அதிகாரியும் சட்டம் எழுதித் தரவில்லை, திங்கட்கிழமை காலையில் துணிமூட்டைகள் மேல் உட்கார்ந்து நாங்களே பேசி முடிவெடுக்கிறோம், சண்டையும் போடுகிறோம், வண்டி ஓட்டுகிற அண்ணன் கோபித்துக்கொண்டு எழுந்து போய் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொண்டு திரும்பி வருவார். பக்கத்து அச்சுக்கூடத்து ஆட்கள்கூட வந்து விவரம் கேட்டுப் போனார்கள்.

எனக்குத்தான் போன மாதம் ஒரு சோதனை வந்தது. எங்கள் பழைய சூப்பர்வைசர், எதற்கெடுத்தாலும் விசில் ஊதி விரட்டுவாளே, விசில் என்று நான் திட்டுவேனே, அவள் வேலை கேட்டு வாசலில் வந்து நின்றாள். புது ஆளைச் சேர்க்க எல்லோரும் சம்மதிக்க வேண்டும், ஒருத்தர் மறுத்தாலும் இல்லை, அது நானே அடம்பிடித்துக் கொண்டுவந்த ஏற்பாடு. பத்துக் கை உயர்ந்தது. நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். உனக்கு அம்மை போட்டிருந்த அன்று என்னை வீட்டுக்கு விடாமல் சாயங்காலம் வரை நிறுத்தினவள், எப்படி மறப்பேன். உண்மையைச் சொல்கிறேன், இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக என் ஒரு சொல்லுக்கு அவ்வளவு எடை இருந்தது, இரண்டு நாள் அது இனிக்கத்தான் செய்தது. மூன்றாம் நாள், நானும் விசில் ஊத ஆரம்பித்துவிட்டேனோ என்று உறுத்தியது.

அவள் வீட்டுக்கே போய், “அன்னைக்கு ஏன் என்னை விடல?” என்று கேட்டேன். “விட்டிருந்தா என்னை வேலைய விட்டு நிப்பாட்டியிருப்பாங்க அக்கா. அது சாக்குதான். விட்டிருக்கணும்,” என்றாள். “இங்க சாக்குச் சொல்ல மேல யாரும் இல்ல, அதட்டக் கீழயும் யாரும் இல்ல, சம்மதமா?” என்றேன். தலையாட்டினாள். அடுத்த திங்கட்கிழமை நானும் கையைத் தூக்கினேன். முழுசாக மன்னித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் பெரிய விரிப்பை மடிக்க ஆளுக்கு ஒரு முனை பிடித்துத்தான் ஆகவேண்டும், மூலையோடு மூலை சரியாகவே சேருகிறது.

இன்னொன்று, மாதக் கடைசியில் பத்து நாள் உன்னிடம் வருகிறேன். யாரிடமும் விடுப்புக் கேட்கவில்லை, பலகையில் எழுதினேன், என் வேலையை யார் யார் பார்ப்பது என்று அவர்களே கீழே எழுதிவிட்டார்கள். நீதான் பாவம், கேட்டுத்தான் லீவு வாங்கவேண்டும், மறக்காமல் இன்றைக்கே கேட்டு வை. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இரு கண்ணு.

உன் வருகைக்குக் காத்திராமல், இந்தத் தடவை தானே கிளம்பி வரும்,
அம்மா