அம்மாவின் பெட்டியில் அத்தையின் பெயர்

அறுவடைப் பருவம், இரண்டாம் மாதம், நாள் 4

இன்றும் பாட்டு வாங்கினேன். அம்மாவும் அத்தையும் அமுன் கோயிலில் பாடுகிறவர்கள். எனக்குப் பாட வராது, பாட்டு வாங்கத்தான் வரும்.

அம்மாவின் சவப்பெட்டி ஓவியரிடமிருந்து வந்துவிட்டது. உயிரோடு இருக்கும்போதே செய்துவைப்பது வழக்கம்; அம்மா தன் வெண்கலக் கண்ணாடியை விலையாகக் கொடுத்துச் செய்யச் சொன்னது. உடம்பெல்லாம் மஞ்சள் மெருகு, தேன் பூசிய மாதிரி. காதில் வட்டத் தோடு. நெற்றியில் தாமரை - அம்மா பெயர் கௌத்சோஷென், தாமரைக் கொத்து என்று அர்த்தம், அதனால். வயிற்றின்மேல் வானத் தாய் நூத் இறக்கை விரித்திருக்கிறாள். மார்பில் விரித்த கைகள். ஆம்பளைப் பெட்டி என்றால் முஷ்டி பிடித்திருக்கும். செத்த பிறகும் சண்டைக்குத் தயார்.

அத்தை பார்க்க வருகிறாள் என்று தெரிந்ததும் உள்ளே படுத்து மூடியை இழுத்துக்கொண்டேன். அவள் குனிந்தபோது, "அண்ணி, ஒரு வாய் பீர் குடுங்க," என்றேன், அம்மா குரலில். கையிலிருந்த ஜாடி சுக்குநூறு. (இதை எழுதுவது அந்த ஜாடியின் ஓட்டில்தான்.)

"பேருக்கேத்த பூனைதான். வால் மட்டும் இல்ல," என்றாள். என் பெயர் தாமித், பூனை. போகிற போக்கில் அம்மாவையும் விடவில்லை. "உன் குரலுக்கு இவ்வளவு மெருகு கொஞ்சம் அதிகந்தான் கௌத்."

அம்மா பதில் சொல்லவில்லை. எப்போதுமே சொல்வதில்லை. எனக்குத்தான் எரிந்தது.

நாள் 9

திருவிழா ஒத்திகை என்று அம்மா கோயிலிலேயே கிடக்கிறாள். மூடியில் ‘ஒசிரிஸ் ஆனவள், அமுனின் பாடகி’ என்று எழுதி (செத்தவர்களை ஒசிரிஸ் என்றுதான் எழுதுவது), பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது. காலியிடத்தைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும்.

நாள் 10

எழுதிவிட்டேன். அப்பாவின் மையில், ஹெருபென் என்று. அத்தை பெயர். அம்மா வந்து பார்ப்பாள், அலறுவாள், சிரிப்பாள், ஈரத்துணியால் துடைப்பாள். மெருகின்மேல் மை நிற்காது. அவ்வளவுதான்.

நாள் 14

பள்ளத்தாக்குத் திருவிழா. அமுன் படகேறி மேற்குக் கரைக்கு வந்தார். எல்லோர் கழுத்திலும் மாலை, எல்லோர் தலையிலும் போதை. அம்மா கோயிலிலிருந்து நேராக விருந்தாளிகளோடுதான் வீட்டுக்கு வந்தாள். அப்பா கோயில் எழுத்தர் இல்லையா, பெட்டியைக் காட்டி எழுத்தைச் சத்தமாகப் படித்தார். படித்த வேகத்தில் அந்தப் பெயரையும் படித்துவிட்டார்.

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. தன் பெயரைக் காதால் கேட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் போனவள், பிள்ளை இல்லாதவள்.

"எனக்கு யாரு செய்யப்போறான்னு இருந்தேன் கௌத். பாயில சுருட்டி மணல்ல போட்டுருவாங்கன்னு..."

அம்மா என்னை ஒரே ஒருமுறை பார்த்தாள். சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். வாய் கோணிக்கொண்டது.

"உங்களுக்குத்தான் அண்ணி," என்றாள் அம்மா.

நாள் 15

விளையாட்டுக்குச் செய்தது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். துடைத்துவிடட்டுமா என்று கேட்டேன். அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

"உயிரோட இருக்கறவ பேரைத் துடைக்கறதும் அவ கழுத்தத் திருகறதும் ஒண்ணுடி."

"அப்ப அம்மாவுக்கு?"

"பின்னாடி பாத்துக்கலாம்."

பின்னாடி. அம்மாவிடம் இன்னொரு கண்ணாடி கிடையாது.

மூன்றாம் மாதம், நாள் 2

அத்தை தினமும் வருகிறாள். அந்த வர்ணக் கைகளின்மேல் தன் கைகளை வைத்துப் பார்க்கிறாள். இன்று அம்மாவிடம், "நீ நல்லாத்தான் பாடறே," என்றாள். அம்மா முகம் மலர்ந்துபோனது. பெட்டியைப் பறிகொடுத்தவள் - எதற்கு மலர்கிறாள்? எனக்குத் தாங்கவில்லை.

"ஏண்டி பூனை, பாலைக் கவுத்த மாதிரி மூஞ்சிய வெச்சிருக்கே?" - இது எனக்கு.

ஆண்டுக் கடைசி ஐந்து நாட்களில் மூன்றாவது

நாசக் கடவுள் சேத் பிறந்த நாள். எதையும் தொடங்கக் கூடாத நாள். அம்மாவுக்குக் காய்ச்சல் தொடங்கியிருக்கிறது.

வெள்ளப் பருவம், முதல் மாதம், நாள் 3

ஆறு பெருகுகிறது. காய்ச்சல் இறங்கவில்லை. வாத்துக் கஞ்சி இரண்டு வாய் குடித்தாள். இன்றுதான் கேட்டேன்.

"ஏம்மா அந்த எடத்தக் காலியா விட்டே? ஓவியரையே எழுதச் சொல்லியிருந்தா..."

"உன் எழுத்து வாத்து நடந்த மாதிரி இருக்கே. கொஞ்சம் நிமிரட்டும், நீயே எழுதுவேன்னுதான் விட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணி பேர நல்லாத்தான் எழுதியிருக்கே," என்றாள்.

கேலியில்லை. நிஜமாகத்தான் சொன்னாள். கேலியாக இருந்திருக்கக் கூடாதா.

நாள் 8

அம்மா இல்லை.

நாள் 30

உடம்பு கெடாமல் இருக்க அம்மா உப்பில் கிடக்கிறாள். அப்பா பழைய பெட்டி ஒன்று பார்த்துவிட்டு வந்தார். யாரோ ஒருத்தியுடையது, பெயரைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். முகத்துக்குப் புது வர்ணம் பூசினால் போதுமாம்.

"சுரண்டினது நாம இல்ல," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

இரண்டாம் மாதம், நாள் 4

அத்தை ஈரத்துணியோடு வந்தாள்.

"எங்கடி என் பேரு? வெரல வெச்சுக் காட்டு."

நான் அசையவில்லை. "அக்கா, வேணாம்," என்றார் அப்பா.

"என் பேரு, என் கை. யாருடா கேக்கறது?" பிறகு என்னிடம்: "இது எனக்குச் செய்யலேன்னு அன்னிக்கே தெரியும்டி. உன் மூஞ்சியே சொல்லிச்சு. தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டேன். ஆசை. நாந்தானே மொதல்ல போவேன், அவளுக்கு வேற செஞ்சுப்பீங்கன்னு..."

துணியை இன்னொரு முறை பிழிந்தாள்.

விரலை வைத்துக் காட்டினேன். துடைத்தாள். ஒரு சொட்டுக் கறுப்பு மஞ்சளில் வழிந்து நூத்தின் இறக்கை வரை வந்தது. அதையும் துடைத்தாள்.

அப்பா மை கரைத்துக் கொடுத்தார். கௌத்சோஷென். எழுதினேன். நேராக வந்தது. கடவுளே, இவ்வளவு நேராக நான் எழுதியதே இல்லை.

நாள் 19

மேற்கே கொண்டுபோய் வைத்தோம். அத்தை பாடினாள். நடுவில் அம்மா பாடும் வரி வந்ததும் நிறுத்தி, அந்த இடத்தைச் சும்மா விட்டு, அப்புறம் தொடர்ந்தாள்.

நாள் 23

தன் பெயரைத் தானே துடைத்தவள் எத்தனை நாள் இருப்பாள்? அப்பாவைக் கேட்டால் வேறு பேச்சு பேசுகிறார். எழுதி வைக்க இடம் இல்லாவிட்டால் என்ன, வாய் இருக்கிறதே எனக்கு. காலையில் அவள் வாசலில் போய் நின்று கூப்பிட்டேன். அத்தை என்று இல்லை. பெயர் சொல்லி.

"பெரியவளப் பேர் சொல்லியா கூப்பிடறே? நாக்க அறுத்துருவேன்."

ஆனால் வந்தாள்.

நாள் 24

ஹெருபென். ஹெருபென்.

"காது செவிடில்லடி பூனை."

இன்றும் திரும்பிப் பார்த்தாள்.