ருசி பார்க்காமல் நான் கொடுத்த கத்திரி நாற்று

என் ஆசை அண்ணாவுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இன்றைக்கு உன்னிடம் சொல்லியே ஆகவேண்டிய ஒரு சேதி இருக்கிறது. நல்ல சேதிதான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் புதுக் கத்திரி காய்த்திருக்கிறது. குருத்தைத் துளைக்க வரும் புழு இரண்டு கடி கடித்துவிட்டுச் சுருண்டு கிடக்கிறது. காயில் ஓட்டையும் அபூர்வம். மருந்து ஒரு சொட்டுகூட அடிக்கவில்லை. நேற்று கொஞ்சம் காய் எடுத்துவந்து சிட்லபாக்கம் வீட்டில் எண்ணெயில் வதக்கினேன். கசக்கவில்லை அண்ணா. துளிகூடக் கசக்கவில்லை. புழுவைக் கொல்லும் கசப்பு இந்தத் தடவை இலையோடும் குருத்தோடும் நின்றுவிட்டது. எனக்குத்தான் ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

உனக்கு முதலில் கொடுத்தேனே, அந்த நாற்று ஞாபகம் இருக்கிறதா? படப்பை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். "செடியால ஓட முடியாதுண்ணா. பூச்சிகிட்டேர்ந்து தப்பிக்க தன் உடம்புக்குள்ளயே ஒரு கசப்பைச் செஞ்சுக்கும். காட்டுக் கத்திரியில அது நிறைய. நாமதான் ருசிக்காக தோட்டத்துக் கத்திரியில குறைச்சுட்டோம். இந்த நாத்துல அதைத் திரும்பக் கொண்டுவந்திருக்கோம்" என்று பெரிய இவளாட்டம் பாடம் நடத்தினேன். இலையைச் சோதித்திருந்தோம். புழுவைச் சோதித்திருந்தோம். காயைச் சமைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நீயும் கேட்கவில்லை. தங்கச்சி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பாதி நிலத்தில் நட்டாய்.

புழு வரவில்லை. கூடுவாஞ்சேரி மார்க்கெட்டில்தான் வந்தது வினை. "இன்னாண்ணா இது? வாங்கினவங்கல்லாம் திருப்பிக்கினு வந்து கத்தறாங்க. வாயில வைக்க முடியலையாம்" என்றார் கடைக்காரர். மூட்டையோடு திரும்பி வந்தாய். "விடும்மா, ஜனங்க பாவக்கா சாப்பிடலையா?" என்று சிரித்துவிட்டு, அந்தக் காயையே மூன்று நாள் சாப்பிட்டாய். என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே?

அடுத்த பட்டத்தில் பழைய கத்திரிக்கே போனாய். புழு மொய்த்தது. இந்தத் தடவையாவது காய் விற்கவேண்டும் என்று மருந்தை அளவுக்கு மீறிக் கலந்தாய். முகத்தில் துணிகூடக் கட்டாமல், உச்சிவெயிலில் எதிர்க்காற்றில் நின்று அடித்தாய். வரப்பில் விழுந்து கிடந்த உன்னை அண்ணிதான் முதலில் பார்த்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

இன்று காலை மிச்சக் காயை அண்ணியிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"இப்ப யாரு நடப்போறா?" என்றார். காயைத் திண்ணையில் வைத்துவிட்டு, "அவர் இருக்கறப்ப குடுத்திருக்கக் கூடாதா, மல்லிகா?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உன் நிலத்தில் முள்ளு முளைத்துக் கிடக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் கை குலுக்குகிறார்கள். "உங்க அண்ணன் இருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்" என்கிறார்கள். அந்த 'இருந்தா'வைக் கேட்டதும் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை அண்ணா. ஒரு சத்தியம் மட்டும் செய்கிறேன். அடுத்த மாதம் இந்த நாற்றை விவசாயிகளுக்குக் கொடுக்கப்போகிறோம். வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் முதலில் உன்னைப் பற்றிச் சொல்வேன். நான் செய்த தப்பையும் மறைக்கமாட்டேன். காயை அவர்கள் வீட்டில் சமைத்து, சாப்பிட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் என் கையிலிருந்து நாற்று போகும்.

ஒரு கேள்விகூடக் கேட்காமல் நீ நம்பிய தங்கச்சி,
மல்லிகா