செப்பு அண்டாவில் வைத்த கடல்நீர்

12-8-1971, வியாழன்

மகாபலிபுரத்திலிருந்து கொண்டுவந்த மஞ்சள் மீனை இன்று தெரியாமல் நானே கொல்லப் பார்த்தேன். அதன் உடம்பெல்லாம் உப்புத்தூள் போல வெள்ளைப்புள்ளி, ஒட்டுண்ணி. வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் மற்ற மீன்களுக்குத் தொற்றாமலிருக்கத் தனித்தொட்டியில் விட்டு, மயில்துத்தம் கரைத்து அளவாக ஊற்றி வருகிறேன். காலையில் கடல்நீரை மாற்றி மருந்து விட்டேன். அரை மணியில் மீன் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது.

என் மனைவி சரோஜா எங்கள் சாயப்பட்டறையிலிருந்து வந்து பார்த்தாள்.

"கடல் தண்ணிய எதுல புடிச்சி வச்சீங்க?"

"நம்ம சாய அண்டாவுலதான். ரெண்டு நாளா."

"அதான் அண்டா உள்ள புளி போட்டு வெளக்கினாப்ல பளபளன்னு இருக்குது. உப்புத்தண்ணி செம்பைத் தின்னுக்கினு கெடக்குது. துத்தமும் செம்புதானே? ரெண்டு பங்கு மருந்து குடுத்திருக்கீங்க. பட்டு யாவாரத்துல மட்டும்தான் கெட்டி."

ஊறுகாய் ஜாடிகளில் மிச்சமிருந்த கடல்நீரைத் தொட்டியில் மாற்றி ஊற்றினோம். சாயங்காலம் மீன் நிமிர்ந்து நீந்தியது. மீன் வாடையே ஆகாத சைவக்காரி, கண்ணாடியில் விரல் வைத்து, "பொழச்சிக்கினியாபா" என்று கேட்டாள். அதுவும் விரலையே சுற்றியது.

பிறகு பேசி முடித்தோம். சிகிச்சை நடக்கும் பதினாலு நாளும் மருந்து அவள் கையால்தான். அண்டாவை நான் தொடக்கூடாது. அடுத்த முறை கடல்நீர் எடுக்கப் போகும்போது அவளும் வருவாள்.