கழுவி விற்ற பில்டர்

அன்பான மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்க சுகம். கட்டாரில வெயில் குறைஞ்சிட்டா? போனில கதைச்சா அழுதிடுவன், அதான் எழுதுறன்.

வீடு வீடாப் போய்த் தண்ணி பில்டர் மாத்திக் குடுக்கிற வேலையில கண்டுபிடிக்கிறதெல்லாம் என்ட வலைப்பூவில எழுதுறன்தானே. போன கிழமை, ஒரு கடையில பழைய பில்டர்களைக் கழுவிப் புதுசெண்டு விக்கிறதைக் கடைப் பேரோட எழுதினன். அங்க வாங்கின பில்டரால ஏறாவூரில நான் வேலைக்குப் போற வீட்டு நிஸ்றாட கைக்குழந்தை வயித்தோட்டம் வந்து ஆஸ்பத்திரியில கிடந்தது.

நேத்து மதரசா விட்டு நம்மட மகள் அந்தக் கடைக்காரர்ர மோட்டார் சைக்கிள்ள வந்து இறங்கினாள்.

"வழியில கண்டன், தங்கச்சி. இனி நானே கூட்டி வாறன்," எண்டு சிரிச்சார். வேற ஒண்டும் சொல்லல்ல.

அவர் போனதும் பதிவை அழிச்சிட்டன்.

பின்னேரம் நிஸ்றா போன் எடுத்தாள். "ராத்தா, அந்தப் பதிவைக் காணல்ல. என்ட மாமி அந்தக் கடைக்குத்தான் போகப் போறா. அதைக் காட்டாம நான் சொன்னா நம்ப மாட்டா. என்ன சொல்ல?"

"போக வேணாமெண்டு சொல்லு," எண்டன். பதிவைத் திரும்பப் போட்டுட்டன்.

இண்டைக்கு மகளை மதரசாவுக்கு அனுப்பல்ல. கதவைப் பூட்டி, அவளை மடியில வச்சிக்கொண்டு எழுதுறன். ரோட்டில மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டா பேனை நிண்டிடுது.

லீவு கேட்டுப் பாருங்க மச்சான்.

உங்கட மகள்ட உம்மா