கவனித்துக்கொண்ட விதம்

ஆம்பூர்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சௌமியாவுக்கு,

பேத்தியின் படம் வந்தது. யார் சாயல் என்று கேட்டிருந்தாய். பிறந்த வாரத்தில் எல்லாக் குழந்தைகளும் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தரைப் போலத்தான் இருக்கும், பொறுத்துப் பார்ப்போம். எடை குறைவு என்று நீ தூங்குவதில்லையாம், உன் மகள் சொன்னாள். மருத்துவரே கவலைப்படாதபோது உனக்கென்ன?

இனி எழுதப்போவதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ சிரித்து, "விடுங்கக்கா" என்பாய், நானும் தப்பித்துவிடுவேன். ஆகவே எழுதிப் படம்பிடித்து அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை விவசாயிகள் கூட்டத்தில் நீ மஸ்கட்டிலிருந்து பேசுவதற்குள் இதைப் படித்தாக வேண்டும். நான் அனுப்பிய பச்சைப்பசேல் படங்களை அங்கே காட்டாதே. அவை பொய்.

தோல் கழிவுநீர் ஊறி உப்புப் பூத்த உன் நிலத்தில், ஏலகிரி மண்ணில் வளர்த்த அகத்திக் கன்றுகளை நட்டுவிட்டு, "கவனிச்சுக்கோங்கக்கா, தண்ணி மட்டும் போதும்" என்று சொல்லி, மகளின் பிரசவத்துக்குப் போனாய். மலை மண்ணின் பூஞ்சை வேரோடு சேரும், செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கும், அது வேர் எட்டாத இடத்திலிருந்து பாஸ்பரஸ் கொண்டுவந்து தரும் என்று விளக்கினாய். கல்லூரியில் வேதியியல் நடத்திய நான், மண்ணுக்குள் என்ன மளிகைக் கடையா என்று கேலி செய்தேன்.

கன்றுகள் மஞ்சளாயின. நீ இல்லாதபோது உன் தோட்டம் தோற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் பாஸ்பரஸ் உள்ள டி.ஏ.பி. உரம் வாங்கிவந்து என் கையாலேயே வைத்தேன். பசுமை வந்தது. படம் எடுத்தேன். மலை மண் பிழைத்துக்கொண்டது என்று நீ துள்ளினாய். நான் வாயைத் திறக்கவில்லை.

பக்கத்து நிலத்து நவநீதன் ஞாயிறன்று வந்தார். உன் தோட்டத்துப் பசுமையை நம்பி, கிடங்கு கட்ட நிலம் கேட்டவர்களிடம் முடியாது என்று சொல்லிவிடப் போகிறாராம், அவரும் இதேபோல அகத்தி வைக்கப் போகிறாராம். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

மூலையிலிருந்த சில கன்றுகளுக்கு உரம் போதாமல் விட்டிருந்தேன். அவை சிறுத்தே நின்றன. அவற்றில் ஒன்றும் உரம் வைத்தவற்றில் ஒன்றுமாகப் பிடுங்கி, நம் கல்லூரி ஆய்வகத்தில் வேருக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தேன். மூலைக் கன்றின் வேர் முழுக்கச் சாயம் ஏறிய பூஞ்சையின் நீல இழைகள். நான் ஊட்டியதில் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பாஸ்பரஸ் சும்மா கிடைத்ததும் செடி பூஞ்சைக்குக் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டது. முதலில் வந்த வாட்டம் தோல்வியல்ல. செடி தன் சர்க்கரையைப் பூஞ்சையோடு பங்கிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. உன் முறை மெதுவாக வேலை செய்துகொண்டுதான் இருந்தது, சௌமியா.

இன்று காலை நவநீதனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "இன்னா டீச்சர், ஆபீஸ்ல கவனிக்கிற மாதிரி கவனிச்சிட்டீங்களா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மாணவர்களின் விடைத்தாளில் ஒரு அரை மதிப்பெண்ணைக்கூடக் கூட்டிப் போடாதவள் என்று பெயர் வாங்கியவள் நான். செடிக்குக் கையூட்டுக் கொடுத்துத் தேறவைத்திருக்கிறேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நீ திரும்பும்வரை பொறுத்து, மூலைக் கன்றுகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்கிறார். கிடங்குக்காரர்களிடம் அவகாசம் கேட்டிருக்கிறாராம், கொடுப்பார்களா, தெரியாது. வெள்ளிக்கிழமை என் பெயரைச் சொல்லியே நடந்ததைச் சொல். பெரியவர், வயதானவர் என்று மூடி மறைக்காதே.

உன் பேத்திக்கு என் துஆ. அவள் தன் வேகத்தில் வளரட்டும். அவசரப்பட்டு யாரும் எதையும் ஊட்டிவிட வேண்டாம்.

தோட்டத்துச் சாவியை நவநீதனிடம் கொடுத்துவிட்டேன். ஊருக்கு வந்தபின், திரும்ப என்னிடம் கொடுக்கலாம் என்று தோன்றினால் கொடு.

இப்படிக்கு,
அக்தர் பானு