ஆடிப்பூரத்து லோடு

சுவா, ஃபிஜி
26 ஜூலை 2025, சனிக்கிழமை, காலை 7.40

அன்புள்ள அக்கா,

தேதியும் நேரமும் மேலே இருக்கின்றன. கணக்கையும் சொல்லிவிடுகிறேன்: நீ அனுப்பி நான் திறக்காமல் கிடக்கும் மெயில்கள் பதினொன்று. அத்தனைக்கும் சேர்த்து இது ஒரே பதில். போனில் பேசினால் நான் பாதியில் வைத்துவிடுகிறேன் என்றுதான் நீ எழுத ஆரம்பித்தாய். உன் கடிதத்தில் விஷயம் ஆறாவது பத்தியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் அம்மாவின் முழங்கால், டவுன் பஸ் கூட்டம், பக்கத்து வீட்டு நாய். கேள்வியை முதலில் போடு, கதையைப் பிறகு சொல். உடனே பதில் வரும்.

இங்கே வேலை தலைக்கு மேல். டெங்கு பரப்பாதபடி பாக்டீரியா ஏற்றி வளர்த்த கொசுக்களை ஊருக்குள் விடுகிறார்கள். பிடித்து வரும் கொசுவில் அந்த பாக்டீரியா நிலைத்திருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் ஆய்வகம். போன மாதம் மரபணுவைப் படிக்கும் புது சீக்வென்சர் வந்தது. சிங்கப்பூருக்கோ பிரிஸ்பேனுக்கோ அனுப்பி மூன்று வாரம் காத்திருந்த கிருமியை, இப்போது இங்கேயே இரண்டு நாளில் கடைசி எழுத்துவரை படித்துவிடுகிறோம். சுற்றியுள்ள தீவுகள் எல்லாம் எங்களைத்தான் நம்பியிருக்கின்றன. அம்மாவிடம் புரியும்படி சொல்.

அத்தான் லீவுக்கு எப்போது வருகிறார்? ஒரு வரியில் எழுது.

உன் தம்பி,
ஜெபின்

*

இராஜபாளையம்
28 ஜூலை 2025, திங்கள் மாலை

கர்த்தருக்குள் பிரியமான தம்பி ஜெபினுக்கு அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு ஜெபிக்கிறோம்.

கேள்வியை முதலில் போடச் சொன்னாய். அப்படி எழுத எனக்கு வரவில்லை. சுகம் விசாரிக்காமல் கேள்வி கேட்டால் அது கடிதமா, போலீஸ் ஸ்டேஷனா?

அம்மாவிடம் கொசு விஷயத்தைச் சொன்னேன். "இங்க இல்லாத கொசுவா? அதை வளக்கவா அம்புட்டுத் தூரம் போனான்?" என்று கேட்டாள். பிறகு தெருவெல்லாம் போய், "எம் பையன் கொசுவுக்கே வைத்தியம் பாக்கான்" என்று சொல்லிவிட்டு வந்தாள். முழங்கால் வலி எங்கே போனதோ தெரியவில்லை.

அத்தானுக்கு லீவு கிறிஸ்துமஸுக்குத்தான். போன தடவையும் இதையேதான் சொன்னார்கள்.

இன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர். காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியை ஆவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் நம் யூனிட்டின் ஸ்டெரிலைசர் ஷெட் அங்கேதானே இருக்கிறது. காலையிலேயே பஸ்ஸை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டான். நடந்துதான் போனேன். தேர் வரும் என்று கரண்ட்டை நிறுத்தி லைனைக் கழற்றியாயிற்று. மிஷின் ஓட்டுகிற ஆவுடையப்பன், "வடம் பிடிச்சிட்டு செத்த நேரத்துல வாரேன்க்கா" என்று சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினான். அவனை எங்கே பிடிக்க? இரண்டு மணி நேரம் கழித்து உள்ளங்கை சிவந்து வந்தான்.

காலை லோடு ஒழுங்காக முடிந்தது. இரண்டாவது லோடு சூடேறி நின்ற பன்னிரண்டாவது நிமிஷத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் பழுது. ஆவி இறங்கி மிஷின் ஆறிவிட்டது. கரண்ட் திரும்ப வந்ததும் ஆவுடையப்பன் மிச்சம் பதினெட்டு நிமிஷம் ஓட்டினான். "பன்னெண்டும் பதினெட்டும் முப்பது, கணக்கு சரியாப் போச்சுல்லக்கா" என்கிறான். முதலாளி சுப்புராஜும், "பர்வாலேதம்மா, ஒண்ணும் ஆகாது, முழுசா இன்னொரு தடவை போட்டா பேப்பர் உறை நனைஞ்சு கிழியும், லாரி சாயங்காலம் தூத்துக்குடி போயாகணும்" என்றார். பாக்கெட்டு மேல் ஒட்டுகிற, சூடு பட்டால் நிறம் மாறும் டேப் எல்லாம் நன்றாகக் கறுத்துவிட்டது. ஆனால் கிருமி செத்ததா என்று பார்க்கிற சோதனைப் பட்டையைக் காலை லோடில்தான் வைத்திருந்தோம். இதில் இல்லை. இரண்டு துண்டாக ஓட்டினது செல்லுமா தம்பி? லாரியை நாளை மதியம் வரை நிறுத்திவைத்திருக்கிறேன், உன் பதிலுக்காக.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
பியூலா

*

29 ஜூலை, காலை 8.15

அக்கா,
டேப் கறுத்துவிட்டதா? கறுத்துவிட்டால் சரி, அனுப்பு. பஸ் வந்துவிட்டது.
ஜெ.

*

இராஜபாளையம்
21 செப்டம்பர் 2025, ஞாயிறு

பிரியமுள்ள தம்பிக்கு,

சபை முடிந்து வந்ததும் எழுதுகிறேன். ஆகஸ்டில் எழுதின இரண்டுக்கும் பதில் இல்லை. இருக்கட்டும்.

சரக்கு ஆக்லாந்து போய்ச் சேர்ந்துவிட்டதாம். அங்கே ஒரு வியாபாரி தன் பேர் போட்ட அட்டைப்பெட்டிக்கு மாற்றித் தீவுகளுக்கெல்லாம் பிரித்து அனுப்புகிறானாம். உன் பக்கமும் வரும். முதலாளிக்கு ஒரே சந்தோஷம். "ஒங்க தம்பி பெரிய லேப்ல இருக்கது நமக்குக் கௌரவம்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். புது ஜெனரேட்டருக்கும் ஆர்டர் கொடுத்தாயிற்று. என்னைத் தலைமை சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார். பேக்கிங் அறைப் பெண்கள் கேசரி கேட்டு உயிரை எடுத்து, நான்தான் செய்துகொண்டு போனேன். "அக்கா, சர்க்கரைய வீட்லயே வச்சிட்டு வந்துட்டியளா?" என்கிறாள் பாண்டிசெல்வி. வாய் அவளுக்கு.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அந்தத் தேர் நாள் கதையை நீ முழுசாகப் படித்தாயா?

அம்மா உன் கல்யாணப் பேச்சை எடுக்கிறாள். நான் தடுத்து வைத்திருக்கிறேன். அதற்காவது ஒரு நன்றி எழுது.

உன் அக்கா,
பியூலா

*

சுவா
8 நவம்பர் 2025, சனிக்கிழமை

அன்புள்ள அக்கா,

நன்றி. கல்யாணப் பேச்சை இன்னும் ஒரு வருஷம் தடுத்து வை.

இன்றைக்கு நானே எழுதுகிறேன் என்றால் விஷயம் பெரிது. வெளித்தீவு மருத்துவமனை ஒன்றில் சிசேரியன் ஆன மூன்று பெண்களுக்குத் தையல் பிரிந்து சீழ் வைத்தது. மூன்றும் ஒரே மாதத்தில். டாக்டர்கள் தண்ணீரைச் சந்தேகப்பட்டார்கள், நர்ஸ்களின் கையைச் சந்தேகப்பட்டார்கள். ஒரு நர்ஸை வேலைக்கு வரவேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். நான் காயத்துக் கிருமியையும், அந்த வார்டில் இருந்த ஒவ்வொரு பொருளிலிருந்தும் எடுத்த கிருமியையும் சீக்வென்சரில் ஏற்றினேன். காஸ் பாக்கெட்டில் பொருந்தியது. திறக்காத புதுப் பாக்கெட்டுக்குள்ளேயே இருக்கிறது. மண்ணில், பஞ்சில் சாதாரணமாகக் கிடக்கிற வகைதான். ஓடு போட்டுக்கொண்டு விதை மாதிரி தூங்கும். ஆவியில் ஒரே மூச்சாக முழு நேரம் வெந்தால்தான் சாகும். காயத்தில் இருப்பதும் பாக்கெட்டில் இருப்பதும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். சந்தேகமே இல்லை.

அந்த நர்ஸைத் திரும்ப வேலைக்கு எடுத்துவிட்டார்கள். இயக்குநர் எல்லோரையும் கூட்டி என்னைப் பாராட்டினார். அம்மாவிடம் சொல். இனி 'கொசு வைத்தியன்' என்று சொல்லவேண்டாம்.

எவனோ ஒரு சோம்பேறி மிஷினை அரைகுறையாக ஓட்டிவிட்டு மூட்டை கட்டி அனுப்பியிருக்கிறான். அவன் கையில் கிடைத்தால் நாலு அறை கொடுப்பேன். மூவரில் செரா என்ற பெண்ணுக்கு உன் நாத்தனார் வயதுதான் இருக்கும். கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. குழந்தை பிறந்து பதினாறு நாள். இன்னும் தூக்கவில்லை.

எங்கே தயாரானது என்று ஆக்லாந்து வியாபாரியிடம் கேட்டிருக்கிறோம். திங்கட்கிழமை தெரிந்துவிடும்.

உன் தம்பி,
ஜெபின்

*

இராஜபாளையம்
9 நவம்பர் 2025, ஞாயிறு

தம்பி,

திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். பாக்கெட்டை எடுத்துப் பார். டேப்பின் ஓரத்தில் பென்சிலால் 'தே' என்று இருக்கிறதா?

தேர் நாள் லோடில் நானே உட்கார்ந்து ஒவ்வொரு பாக்கெட்டிலும் அதை எழுதினேன். நீ வேண்டாம் என்று சொன்னால் பிரித்தெடுக்க வசதியாக இருக்கும் என்று. நீ சரி என்றாய். எழுதினது எழுதினபடியே போய்விட்டது.

இருந்தால், நாலு அறை வாங்கவேண்டியவள் நான்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ படிக்காமல்தான் பதில் போட்டாய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். டேப் கறுத்துவிட்டது என்று நான் எழுதியிருக்கிறேன். நீ 'கறுத்துவிட்டதா' என்று கேட்கிறாய். திரும்ப ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. 'தம்பி சொல்லிட்டான்' என்கிற வார்த்தை எனக்குத் தேவையாக இருந்தது. அதை வைத்துத்தான் லாரியை விட்டேன். அதை வைத்துத்தான் தலைமை சூப்பர்வைசர் ஆனேன்.

முதலாளி வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டேன். பாவம், காபி டம்ளரைக் கீழே வைக்காமலே நின்றார். "இது ஒன்னால மட்டும் இல்லம்மா, லாரி லாரின்னு நின்னது நான்" என்றார். மிச்சம் இருக்கிற சரக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லி வியாபாரிக்கு நாளைக் காலை எழுதுகிறார். என்னை வேலையில் வைத்திருக்க முடியாது என்றும் சொன்னார். அதுதான் நியாயம்.

உன் பேரை நான் எடுக்கவில்லை. 'நானே முடிவு பண்ணினேன்' என்றுதான் சொன்னேன். அன்றைக்கு நீ போட்ட பதிலை அழித்துவிட்டேன். நீயும் என் தேர் நாள் கடிதம், உன் பதில் இரண்டையும் அழித்துவிடு. உன் வேலை போனால் அம்மா தாங்கமாட்டாள். ஒரே வீட்டில் இரண்டு பேர் தலை குனிய வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்லே, இந்த ஒரு கடிதத்தையாவது முழுசாகப் படி.

செராவுக்காக இங்கே ஜெபிக்கிறோம். அம்மாவிடம் எதற்கு என்று சொல்லவில்லை.

பியூலா

*

சுவா
10 நவம்பர் 2025, திங்கட்கிழமை, காலை 6.20

அன்புள்ள அக்கா,

முழுசாகப் படித்தேன். இரண்டு தடவை.

ஐந்து மணிக்கே ஆய்வகத்துக்கு வந்து ஸ்டோரைத் திறந்தேன். பாக்கெட்டுகளை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. பிரித்துக் குழாயில் போட்டுக் கொடுப்பது வேறொருவர் வேலை. எனக்கு வருவது எண் மட்டும். மிச்சம் ஒன்பது பாக்கெட் இருந்தன. ஒன்பதிலும் 'தே'. கொம்பைச் சுழித்துப் போடும் உன் கையெழுத்து. இங்கே இத்தனை பேர் கையில் புரண்டிருக்கிறது, ஏதோ கிறுக்கல் என்று விட்டிருக்கிறார்கள். படிக்கத் தெரிந்தவன் இந்தக் கட்டிடத்தில் நான் ஒருவன்தான்.

டேப் கறுத்தால் பாக்கெட்டில் ஆவி பட்டது என்று அர்த்தம். கிருமி செத்தது என்று அர்த்தம் இல்லை. அரை நேரச் சூட்டில் பிழைத்த விதைக்கு இரண்டு மணி நேரம் ஓய்வு கொடுத்துவிட்டுத் திரும்பச் சுட்டால், கணக்கு முதலிலிருந்துதான். பன்னிரண்டும் பதினெட்டும் முப்பது ஆகாது. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. கேள்வியை வாசித்திருந்தால் ஒரு வினாடியில் சொல்லியிருப்பேன். நீ ஆறு பத்தி எழுதினாய், ஒரு நாள் லாரியை நிறுத்திவைத்தாய். நான் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு கடைசிச் சில வரிகளில் கண்ணை ஓட்டினேன். டேப் என்ற சொல் கண்ணில் பட்டது.

நீ செய்ததும் தப்புதான். இல்லை என்று சொல்லி உன்னைத் தேற்ற மாட்டேன். ஆனால் அதில் என் பங்கையும் சேர்த்து நீயே எடுத்துக்கொள்வதற்கு நான் சின்னப் பையன் இல்லை. ஸ்கூல் ஜன்னல் கண்ணாடியை நான் உடைத்தபோது நீ அடி வாங்கினாய். அது போதும்.

ஜூலையில் திறக்காமல் விட்ட பதினொன்றில் ஒன்றை இப்போது திறந்தேன். ஜூன் மாதத்தது. ஆறாவது பத்தியில் இருக்கிறது: 'ஜெனரேட்டர் பழுதாகிக் கிடக்கிறது. ஆடிப்பூரத்தன்று கரண்ட் போனால் லோடு என்ன ஆகும் தம்பி?' அதற்கு முன்னால் இருந்த ஐந்து பத்தியையும் படித்தேன். அம்மா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே உன்னிடம் "அவன் நல்லா இருக்கானான்னு மட்டும் கேளு" என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய்.

செராவுக்குக் காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை. செய்யவேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

1. 'தே' போட்ட பாக்கெட்டின் படம், தொடாதீர்கள் என்ற குறிப்போடு, எல்லாத் தீவு மருத்துவமனைகளுக்கும். இது ஆறு மணிக்கே போய்விட்டது. ஒவ்வொரு இடத்துக்கும் போன் செய்து, பிரித்து வைத்துவிட்டார்களா என்று கேட்பேன். அவர்கள் சொல்லி முடிக்கும் வரை வைக்க மாட்டேன்.

2. எட்டு மணிக்கு இயக்குநர் வருவார். நீ அழிக்கச் சொன்ன இரண்டையும் நானே மொழிபெயர்த்து அவர் கையில் கொடுப்பேன். இந்த விசாரணையிலிருந்து என்னை விலக்கச் சொல்வேன். வேலையிலிருந்தே விலக்கினால் மறுக்க மாட்டேன்.

3. உன் முதலாளிக்கு எழுதுவேன். உன்னைத் திரும்ப எடுக்கச் சொல்லி அல்ல. நீ கேட்டாய், நான் சரி என்றேன் என்பதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு லோடிலும் சோதனைப் பட்டை வைக்கவேண்டும் என்றும்.

4. அம்மாவிடம் நானே சொல்வேன். நீ வாய் திறக்காதே.

5. வியாழக்கிழமை படகு இருக்கிறது. செரா இருக்கும் தீவுக்கு அன்றைக்கே போவேன். என்னைப் பார்க்க அவள் சம்மதித்தால் பார்ப்பேன். இல்லையென்றால் வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன்.

6. மீதிப் பத்துக் கடிதங்களையும் படிப்பேன். முதல் பத்தியிலிருந்து.

ஜெபின்